வேதப் பரீட்சைக்குப் பத்துப் பேர்

பெய்லாவுக்குப் பத்துப் பெண்கள் தேவைப்பட்டார்கள். பத்துப் பேரும் ஞானஸ்நானம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். வேறு எந்தத் தகுதியும் வேண்டாம்.

விதி அப்படி. பள்ளியில் சேராமல் வீட்டிலிருந்தே படித்துவிட்டுப் பரீட்சை எழுத வருகிறவர்களில் பத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு யூதர்தான் என்று முந்தைய ஆண்டு ரஷ்யாவின் ஜார் அரசாங்கம் அளவு வைத்துவிட்டது. பெண்களுக்குத் தனிக் கணக்கு. கேட்பதற்கு ஏதோ நியாயம்போலத்தான் இருக்கும். ஆனால் கிறிஸ்தவர்களுக்குப் பள்ளிக்கூட வாசலே அகலத் திறந்து கிடந்தது. அவர்கள் எதற்காக வெளியிலிருந்து எழுத வரப்போகிறார்கள்? கெர்சோன் நகரத்து உயர்பள்ளியில் அந்த ஆண்டு அப்படி விண்ணப்பித்த கிறிஸ்தவப் பெண் ஒருத்திகூட இல்லை. பூஜ்யத்தில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க பெய்லா அத்தனை வருஷம் கணிதம் படித்திருக்க வேண்டியதில்லை.

அவளுக்கு வயது இருபத்தெட்டு. மருந்துக்கடையில் புட்டி கழுவுகிற வேலை. லத்தீன் மொழியை அவள் முதலில் கற்றுக்கொண்டது அந்தப் புட்டிகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளிலிருந்துதான். பிறகு பழைய புத்தகங்கள், பிறகு கடன் வாங்கிய புத்தகங்கள். உயர்பள்ளிச் சான்றிதழ் ஒன்று கைக்கு வந்துவிட்டால் ஒதெஸ்ஸாவில் பெண்களுக்கென்று தொடங்கியிருந்த மருத்துவப் படிப்பில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். அந்தச் சான்றிதழுக்காக இரண்டு முறை பரீட்சைக்குப் போயிருந்தாள். முதல் முறை பூகோளத்தில் தோற்கடித்தார்கள். சைபீரியாவின் ஆறுகளையெல்லாம் அவள் ஒப்பித்து முடித்ததும், "அவற்றில் எந்த ஆற்றில் நீ குளித்திருக்கிறாய்?" என்று கேட்டு மண்டபத்தையே சிரிக்க வைத்த ஆசிரியர், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டார். இரண்டாம் முறை லத்தீனில். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எப்போதும் கேள்வி இரண்டு மடங்கு, மதிப்பெண் பாதி. அதெல்லாம் பழகிப்போன விஷயம். மூன்றாம் முறை ஜெயித்தே தீருவேன் என்று அவள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பத்துக்கு ஒன்று வந்தது.

அவளைக் கரையேற்ற முன்வந்தவள் வண்ணாத்தி உஸ்தீன்யா.

உஸ்தீன்யாவுக்கு நாற்பதை ஒட்டிய வயது. முழங்கை வரை சிவந்து வெடித்த கைகள். ஆற்றங்கரையில் துணி அலசும் பலகைத்துறைக்கு அவள்தான் ராணி. அவள் திட்ட ஆரம்பித்தால் படகுக்காரர்கள் துடுப்பை நிறுத்திவிட்டு நின்று கேட்பார்கள். துறையில் வேலை செய்த பெண்கள் யாருக்கும் எழுத வராது. கப்பற்படையில் இருக்கிற புருஷனுக்கும், மாஸ்கோவில் வீட்டுவேலை செய்கிற மகளுக்கும் கடிதம் எழுத வேண்டுமென்றால் பெய்லாவிடம் வருவார்கள். பெய்லா அதற்குக் கூலி வாங்கியதே இல்லை. விஷயத்தைக் கேட்டதும் உஸ்தீன்யா துணி அடிக்கிற கட்டையை இடுப்பில் சாய்த்துக்கொண்டு சிரித்தாள்.

"இவ்வளவுதானா? பத்துப் பேர் வந்து பெஞ்சுல உட்காரணும், அவ்வளவுதானே? எங்களுக்கு உட்கார வரும்டி. வருஷம் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கோம், ஒரு நாள் உட்கார வெச்சா வேண்டாம்னா சொல்லப் போறோம்?"

"விண்ணப்பத்துல பேரு எழுதத் தெரிஞ்சிருக்கணும், அக்கா."

"கத்துக்குடு. உஸ்தீன்யான்னு எழுத எத்தனை கோடு இழுக்கணும்?"

இது ஒன்றும் புது ஏற்பாடு இல்லை. அந்த ஆண்டு தென்பக்கத்து ஊர்கள் பலவற்றிலும் இதே கூத்துதான் நடந்துகொண்டிருந்தது. மூட்டை தூக்குகிறவர்களும் குதிரைக்காரர்களும் தலையை வாரிக்கொண்டு பரீட்சை மண்டபத்துக்குப் போய், வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். பள்ளி அதிகாரிகளுக்கும் தெரியும். தெரியாததுபோல இருந்தார்கள். விதிக்கு வேண்டியது எண்ணிக்கை. அது நிறைந்தால் போதும்.

ஒரே வாரத்தில் உஸ்தீன்யா பத்துப் பேரைச் சேர்த்துவிட்டாள். தன்னோடு துறையில் நின்ற ஏழு பேர், கோயிலைப் பெருக்கித் துடைக்கும் மொக்ரீனா, மாவு வியாபாரி வீட்டுச் சமையல்காரி ஃபேக்லா, பத்தாவதாக அவளே. பெய்லா பத்துப் பேருக்கும் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்து, ஞானஸ்நானச் சீட்டுகளைச் சேர்த்து விண்ணப்பங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கே இருந்த எழுத்தர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சரி, வேதப் பரீட்சைக்கு இவங்க தயாரா?"

"எந்தப் பரீட்சை?"

"முதல்ல அதுதானே நடக்கும். ஞானோபதேசம், ஜெபம், திருநாள்கள். சாமியார் முன்னால வாய்மொழியா சொல்லணும். அதுல தேறாதவங்க பேரை அங்கேயே அடிச்சிருவாங்க. அதுக்கப்புறம் மிச்சம் இருக்கிறவங்களைத்தான் எண்ணுவாங்க."

யூதர்களுக்கு அந்தப் பரீட்சை கிடையாது. இரண்டு முறையும் அந்த நாளில் பெய்லா வீட்டில் உட்கார்ந்து லத்தீன் படித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே அவள் கணக்கில் வரவில்லை. ஆக, வெள்ளைத் தாள் கொடுக்கிற பத்துப் பேர் போதாது. கடவுளைப் பற்றிக் கேட்டால் சரியாகப் பதில் சொல்கிற பத்துப் பேர் வேண்டும்.

அன்று மாலையே பழைய புத்தகக்காரனிடம் கிழிந்துபோன ஞானோபதேசப் புத்தகம் ஒன்றை வாங்கினாள். அவன் புத்தகத்தையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். "என்னம்மா, மதம் மாறப் போறியா? அதுதான் சுருக்கு வழி. நாலு சொட்டுத் தண்ணி, நேரா ஒதெஸ்ஸா" என்றான். பெய்லா காசைக் கொடுத்துவிட்டு நடந்தாள். சுருக்கு வழி அவளுக்குத் தெரியாததல்ல. அவளோடு படித்த இருவர் அந்த வழியாகத்தான் போனார்கள்.

பாடம் ஆற்றங்கரையிலேயே நடந்தது. வேறு இடம் இல்லை, வேறு நேரமும் இல்லை. பனி உடைந்து ஓட ஆரம்பித்திருந்தது. மருந்துக்கடை திறப்பதற்கு முன்பு பெய்லா பலகையின் நுனியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்று, கட்டைகள் அடிக்கும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கத்துவாள்.

"சகலத்தையும் படைச்சது யாரு?"

"கடவுள்!" என்று ஒன்பது குரல்கள். ஒரு அடி.

"கடவுள் எத்தனை பேர்?"

"ஒருத்தர்!" ஒரு அடி.

"எத்தனை ஆட்களா இருக்கார்?"

இங்கே அடி நின்றுவிடும். "ஒருத்தர்னு சொன்னே, இப்ப மூணுங்கிறே" என்று ஃபேக்லா முகத்தைச் சுளிப்பாள். "எங்க முதலாளி கணக்கு மாதிரில்ல இருக்கு!"

"ஏன்டி, உனக்கு அது புரிஞ்சுதான் பதில் சொல்லணுமா?" என்பாள் உஸ்தீன்யா. "இந்தப் பொண்ணுக்கு மட்டும் புரிஞ்சா சொல்லிக்கொடுக்குது? ஏம்மா டீச்சரம்மா, நீ இதையெல்லாம் நம்புறியா?"

"நான் நம்பணும்னு யாரும் கேட்கலை. நீங்க சொல்லணும்."

"பாரு, எவ்வளவு கறாரு! இவ பாதிரியா போயிருக்கணும். தாடி மட்டும்தான் பாக்கி."

மொக்ரீனா மட்டும் பாடத்தில் சேர்வதில்லை. அவளுக்கு எல்லாம் மனப்பாடம். கரையில் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டே, மற்றவர்கள் தவறும்போது உச்சுக்கொட்டுவாள். பெய்லாவுக்கு உண்மையில் அவளைப் பற்றித்தான் பயம். கோயிலே கதி என்று கிடக்கிறவள். இது பாவம் என்று ஒருநாள் எழுந்து போய்விட்டால்? அவள் அதைக் கேட்டே விட்டபோது மொக்ரீனா பின்னலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன பாவம்? தெரியாததைத் தெரியும்னு சொன்னாத்தான் பொய். எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லப்போறேன். சாமிக்கு என் ஜெபத்தைக் கேட்கக் கசக்கவா போகுது?"

அதோடு அந்தப் பயம் தீர்ந்தது. பிறகு பெய்லா ஃபேக்லாவின் மறதியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டாள். உஸ்தீன்யாவைப் பற்றிக் கவலைப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒருமுறை சொன்னால் போதும், அவள் பிடித்துக்கொள்வாள். கெட்ட வார்த்தைகளை எப்படி வரிசை பிசகாமல் சொல்வாளோ அப்படியே திருநாள்களையும் சொன்னாள்.

வீட்டில் இரவும் பகலும் பெய்லாவின் உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன. சாக்குத் தைக்கும் அவள் அப்பா கெதால்யா ஊசியை வாயில் கடித்துக்கொண்டு கேட்பார்.

"இப்ப என்ன பாடம், மகளே? இன்னும் உயிர்த்தெழலையா?"

"அப்பா, சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். உங்கம்மா உயிரோட இருந்திருந்தா சும்மா இருந்திருக்க மாட்டா. இந்த வீட்டுல இப்ப சிலுவை ஒண்ணுதான் பாக்கி. மத்ததெல்லாம் வந்து சேர்ந்தாச்சு." கொஞ்ச நேரம் தைப்பார். பிறகு குரல் மாறிவிடும். "எல்லாம் முடிஞ்சு நீ டாக்டர் ஆயிட்டா, முதல்ல என் கண்ணைப் பார்க்கணும். ஊசியில நூல் கோக்க முடியலை."

தவக்காலத்தின் நடுவில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனப் பாடம் வந்தது. அது நீளமான பாடம். சாமியார் யெவ்லாம்பிக்குப் பிடித்தமான கேள்வி அதில்தான் இருக்கிறது என்று அவரிடம் படித்த மாணவர்கள் சொல்லியிருந்தார்கள். எனவே பெய்லா அதை மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகத் தயார் செய்துகொண்டு போனாள். புத்தகத்தின் கடின நடையைப் பிரித்து, துறைப் பெண்களுக்குப் புரிகிற மாதிரி உருமாற்றினாள். ஒரு மூட்டைத் துணியில் ஒரு அழுக்குத் துணியை மட்டும் ஒளித்துவைத்துவிட்டு மற்றதையெல்லாம் வெளுத்தால், திரும்பக் கட்டும்போது அந்த ஒன்று எல்லாவற்றையும் கறையாக்கிவிடாதா? அதுபோலத்தான், ஒன்றை மறைத்தாலும் மொத்தமும் செல்லாது என்றாள். பெண்கள் தலையாட்டினார்கள். அவளுக்கே அந்த உவமை பிடித்திருந்தது.

"மூணு விஷயம் வரிசையா சொல்லணும். ஒண்ணையும் மறைக்காம சொல்லணும், மனசு நொந்து சொல்லணும், இனிமே பொய்யும் தப்பும் செய்யறதில்லைன்னு உறுதி எடுக்கணும். இந்த மூணும் இருந்தா எந்தப் பாவமும் மன்னிக்கப்படும்."

கட்டைச் சத்தத்தில் ஒன்று குறைந்தது. உஸ்தீன்யா துணியைத் தண்ணீரில் விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"எந்தப் பாவமும்னா?"

"எந்தப் பாவமும்."

"ரொம்பப் பழசா இருந்தா?"

"காலக்கெடு எதுவும் போடலை."

"மனுஷி மறக்கவே கூடாத மாதிரி ஒண்ணு இருந்தா? அதுவும் போயிடுமா?"

"அக்கா," என்றாள் பெய்லா, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "பரீட்சையில அவ்வளவு தூரம் கேட்க மாட்டாங்க."

உஸ்தீன்யா குனிந்து, தண்ணீர் இழுத்துக்கொண்டு போன துணியை எட்டிப் பிடித்தாள். மறுநாளும் அதே பாடம் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். பத்துப் பேரில் அந்தப் பாடத்தைத் தானாகத் திரும்பக் கேட்டவள் அவள் ஒருத்திதான். பெய்லாவுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

யூதர்களின் பாஸ்காவும் கிறிஸ்தவர்களின் உயிர்ப்புத் திருநாளும் அந்த ஆண்டு ஒரே வாரத்தில் வந்தன. பெய்லா புளிக்காத அப்பத்தைக் கடித்துக்கொண்டே லத்தீன் வினைச்சொற்களை உருப்போட்டாள். விடுமுறை முடிந்து துறைக்குப் போனபோது உஸ்தீன்யாவிடம் ஏதோ மாறியிருந்தது. தலையை இழுத்து வாரி, சுத்தமான துணி கட்டியிருந்தாள். ஒரு படகுக்காரன் வேண்டுமென்றே தண்ணீரை அவள்மேல் இறைத்துவிட்டுப் போனான். துறை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

"உஸ்தீன்யாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று பெய்லா ஃபேக்லாவிடம் கேட்டாள்.

"உயிர்ப்புக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை கோயிலுக்குப் போனாளாம். எத்தனையோ வருஷம் கழிச்சு! வந்ததுலேர்ந்து இப்படித்தான். நல்லா தூங்குறா, நல்லா சாப்பிடுறா, திட்ட மாட்டேங்குறா. எங்களுக்குத்தான் பயமா இருக்கு."

பெய்லா சிரித்தாள். திருநாள் மயக்கம், இரண்டு வாரத்தில் தெளிந்துவிடும் என்று நினைத்தாள். உஸ்தீன்யா இரண்டு முறை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பெய்லா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். இரண்டு முறையும் பெய்லா, "பரீட்சை முடியட்டும் அக்கா, இப்ப என் தலையில ஒரு ஊசி இறங்கவும் இடம் இல்லை" என்றாள். பின்னாளில் அவள் எல்லாவற்றையும்விட அதிகமாக நினைத்துப் பார்த்தது இந்த வாக்கியத்தைத்தான்.

பரீட்சையன்று பள்ளி வளாகத்தில் வேலமரங்கள் பூத்திருந்தன. வாய்மொழிப் பரீட்சை என்பதால் மண்டபத்தின் கதவு திறந்தே இருந்தது. பார்க்க விரும்புகிறவர்கள் பின்வரிசையில் உட்காரலாம். பெய்லா அங்கே உட்கார்ந்தாள். முன்னால் பச்சைத் துணி விரித்த மேசை. நடுவில் தலைமையாசிரியர். வலப்பக்கம் யெவ்லாம்பி சாமியார், பருத்த மனிதர், எப்போதும் ஜலதோஷம். மேசைமேல் ஒரு சிலுவையும் நற்செய்திப் புத்தகமும்.

மொக்ரீனா முதலில் போனாள். ஒரு ஜெபம் கேட்டதற்கு மூன்று சொன்னாள். நிறுத்துவதற்குள் தலைமையாசிரியருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. துறைப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, சிவந்த கைகளைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு பதில் சொன்னார்கள். குரல் மட்டும் ஆற்றங்கரைக் குரல். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஃபேக்லாவின் முறை வந்தபோது பெய்லா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"திரித்துவத்தின் மூன்று ஆட்கள் யார்?"

"பிதா," என்றாள் ஃபேக்லா. "சுதன்." அதற்கு மேல் அவள் முகம் வெளுத்தது. கண்கள் கூரையைத் தேடின. கடைசியில் படம் ஒன்று ஞாபகம் வந்தவளாக, "அப்புறம் அந்தப் புறா, சாமி!" என்றாள்.

மண்டபம் சிரித்தது. சாமியாரும் கைக்குட்டைக்குள் சிரித்தார். "புறா இல்லை, மகளே, பரிசுத்த ஆவி. சரி, புறா உன்னைக் காப்பாத்திருச்சு, போ." ஒன்பதாவது பெயருக்கு எதிரே குறி விழுந்தது. பெய்லா நாற்காலியை விட்டாள். அவளுடைய விரல்கள் மரத்துப்போயிருந்தன. மிச்சம் உஸ்தீன்யா. எல்லாவற்றையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவள். பெய்லா அந்த நேரத்திலேயே மனத்துக்குள் அடுத்த பரீட்சைக்குப் போய்விட்டாள். ரஷ்யக் கட்டுரை. அதன்பின் கணிதம். அதன்பின் லத்தீன். இந்த முறை லத்தீனில் யாராலும் அவளை அசைக்க முடியாது.

உஸ்தீன்யா எழுந்துபோய் மேசைக்கு முன்னால் நின்றாள். சாமியார் அவளைப் பார்த்தார். கைக்குட்டையை மடித்தார். பிறகு, அந்த மண்டபத்தில் அன்று யாரிடமும் கேட்காத அளவுக்கு எளிய கேள்வியைக் கேட்டார்.

"பரமண்டல ஜெபத்தைச் சொல்லு, உஸ்தீன்யா."

ஐந்து வயதுக் குழந்தை சொல்லும். உஸ்தீன்யா வாயைத் திறந்தாள். மூடினாள்.

"முதல் வரி மட்டும் சொல்லு" என்றார் சாமியார், ரொம்ப மெதுவாக.

அவள் சிலுவையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்வரிசையில் பெய்லாவின் உதடுகள் அசைய ஆரம்பித்தன. முதல் வரி, இரண்டாம் வரி. சத்தம் வராமல் முழு ஜெபத்தையும் அவள் சொல்லி முடித்தாள். அந்த மண்டபத்தில் அன்று அதை அவ்வளவு உருக்கமாக யாரும் சொல்லவில்லை. திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். திரும்பி என்னைப் பார், ஒருமுறை என் வாயைப் பார் என்று மனத்துக்குள் கெஞ்சினாள். உஸ்தீன்யா திரும்பவில்லை. கண்ணீர் மட்டும் வடிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

"உடம்பு சரியில்லையா இந்த அம்மாவுக்கு?" என்று தலைமையாசிரியர் கேட்டார்.

சாமியார் மேசைத் துணியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தேறவில்லை" என்றார்.

தலைமையாசிரியர் பெயர்களின்மேல் பேனாவை ஓட்டி எண்ணினார். எண்ணிவிட்டு நிமிர்ந்து, பின்வரிசையில் பெய்லாவைத் தேடினார். அவர் கெட்டவர் அல்ல. அதுதான் இன்னும் மோசம்.

"ஒன்பது, அம்மணி. ஒன்பதுக்கு எவ்வளவுன்னு விதியில எதுவும் சொல்லலை. எனக்கு வருத்தமாத்தான் இருக்கு."

பெய்லா எழுந்து வெளியே போனாள். படிக்கட்டில் ஃபேக்லா பூரித்துப்போய் நின்றுகொண்டிருந்தாள். "நான் தேறிட்டேன் பெய்லா! பார்த்தியா? நான்!" என்று அவள் கையைப் பிடித்தாள். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. பெய்லா, "பார்த்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

உஸ்தீன்யா அவள் பின்னாலேயே ஆற்றங்கரை வரை வந்தாள். துறையில் யாருமில்லை. பலகைகள் காய்ந்து கிடந்தன. அவள் கட்டையை எடுத்துப் பெய்லாவின் கையில் வைத்தாள்.

"அடி. தலையிலேயே அடி."

பெய்லா கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உனக்குத் தெரியும்ல? முழுசும் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன்? வராமலாவது இருந்திருக்கலாமே. முன்னாடியே சொல்லியிருந்தா கெடு முடியறதுக்குள்ள வேற ஒருத்தியைத் தேடியிருப்பேனே."

"சொல்ல வந்தேன். ரெண்டு தடவை வந்தேன். நீ கேட்கலை." உஸ்தீன்யா பலகையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்புறம் தைரியம் வரலை. வராம இருந்தா உனக்குத் துரோகம். வந்து வாயைத் திறந்தா அவன் போயிடுவான். ரெண்டும் முடியலை. அப்படியே நின்னுட்டேன்."

"யாரு போயிடுவான்?"

"எம் புள்ளை."

அவளுக்குப் பிள்ளை இருந்தது பெய்லாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. சின்ன வயதில், வேலை செய்த வீட்டில் நடந்தது. பிறந்த நான்காம் நாள் அனாதை விடுதியின் வாசற்படியில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டாள். பனிக்காலம். யாராவது கதவைத் திறந்தார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவள் கோயிலுக்குள் போனதில்லை. தனக்கெல்லாம் மன்னிப்பு கிடையாது என்று முடிவு செய்திருந்தாள். அந்தக் கத்தலும் திட்டும் எல்லாம் அதன்மேல் போட்ட மூடிதான்.

"நீதானே சொன்னே, எந்தப் பாவமும் போயிடும்னு. பெரிய வியாழக்கிழமை யெவ்லாம்பி சாமிகிட்டப் போய் நின்னு சொன்னேன். சாமி அழுதாரு, பெய்லா. என்கூட அவரும் அழுதாரு. அப்புறம், வேற ஏதாவது இருக்கான்னு கேட்டாரு. நீதானே சொன்னே, ஒரு துணியை ஒளிச்சா மொத்த மூட்டையும் கறைன்னு. அதனால பரீட்சையையும் சொல்லிட்டேன். அப்புறம், அப்படின்னா சிலுவைக்கு முன்னால போய்ப் பொய்யா நிக்காதே மகளேன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலை. ராத்திரி எம் புள்ளை கனவுல வந்தான். சிரிச்சான். இத்தனை வருஷத்துல முதல் தடவையா சிரிச்சான்."

"நான் அதைப் பரீட்சைக்குச் சொன்னேன்!" பெய்லாவின் குரல் ஆற்றின் மறுகரைவரை கேட்டது. "பரீட்சைக்காகச் சொன்னேன்! வாழறதுக்குச் சொல்லலை!"

"எனக்கு அது தெரியலையே, பொண்ணே" என்றாள் உஸ்தீன்யா.

பெய்லா கட்டையைத் தண்ணீரில் எறிந்தாள். அது கொஞ்ச தூரம் மிதந்து, நாணலில் மாட்டிக்கொண்டு நின்றது.

வீட்டில் கெதால்யா அவள் முகத்தைப் பார்த்ததும் தையலைக் கீழே வைத்துவிட்டார். முழுக் கதையையும் கேட்டு முடித்தபின் வெகுநேரம் தாடியை உருவிக்கொண்டிருந்தார்.

"ஒன்பது பேரை அவங்க சாமிகிட்டப் பாஸாக்கி விட்டே. பத்தாவது பொண்ணை நிஜமாவே அவர்கிட்டக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டே. இப்படி ஒரு வாத்தியாரு இந்த ஊருல இருந்ததில்லை, மகளே."

அவர் அதைச் சிரிக்க வைப்பதற்காகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவரே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெய்லாவால் உஸ்தீன்யாவை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. சாமியார் ஏன் அந்த எளிய கேள்வியைக் கேட்டார் என்பதும் அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. உஸ்தீன்யாவைத் தப்பிக்க விடுவதற்காகக் கேட்டாரா, சோதிப்பதற்காகக் கேட்டாரா? தெருவில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் தொப்பியைத் தூக்குவார். அவள் தலையைக் குனிந்துகொண்டு போவாள்.

அடுத்த ஆண்டு விதியை இன்னும் இறுக்கினார்கள். பத்துப் பேரும் எல்லாப் பாடங்களிலும் தேற வேண்டும் என்றார்கள். வண்ணாத்திகளுக்கு லத்தீன் சொல்லிக்கொடுக்க பெய்லாவாலும் முடியாது. அதற்கடுத்த ஆண்டு யுத்தம் வந்தது. மருந்துக்கடையில் கழுவ வேண்டிய புட்டிகள் பெருகின. கெதால்யாவின் கண்கள் முழுக்க மங்கிவிட்டன. ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதும் பெய்லாவின் வேலையாயிற்று. புத்தகங்களை அவர் தைத்த சாக்கு ஒன்றிலேயே போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஒதெஸ்ஸாவுக்குப் போகும் கப்பலின் சங்கு தினமும் ஊதும். முதலில் கொஞ்ச காலம் அந்த நேரத்தில் தண்ணீர்க் குழாயை வேகமாகத் திறந்துவிடுவாள். பிறகு அதுவும் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை ஓய்வு முடிந்து கதவைத் திறந்தால், முற்றத்துக் கூடையில் போட்டிருந்த அவர்களுடைய அழுக்குத் துணிகள் வெளுத்து மடித்த மூட்டையாக வாசலில் இருக்கும். யார் வைத்தது என்று அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. கெதால்யா தன் சட்டையை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வார். பெய்லா தன்னுடையதை எடுத்து மறுபடி ஒருமுறை தண்ணீரில் அலசிவிட்டுத்தான் உடுத்துவாள்.

பெய்லா சொல்லிக்கொடுத்துத்தான் தேறினேன் என்று ஃபேக்லாதான் ஊரெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். முதலில் துறைப் பெண் ஒருத்தி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கோயில் பள்ளியில் வேதப் பரீட்சையாம், பிள்ளைக்கு மண்டையில் ஏறவில்லையாம். பிறகு இன்னொருத்தி வந்தாள். பிறகு மாவு வியாபாரியின் வீட்டிலிருந்தே பின்வாசல் வழியாக இரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். வெளியில் தெரிந்தால் வம்பு. எல்லாருக்கும் தெரிந்தும் இருந்தது. பெய்லா மறுக்கவில்லை. மறுப்பதற்கு வேண்டிய தெம்பு எங்கோ போய்விட்டிருந்தது. மேசைக்கு எதிரே உட்கார வைத்து, படைத்தது யார், எத்தனை ஆட்கள் என்று கேட்பாள். அவளிடம் படித்த பிள்ளை வேதப் பரீட்சையில் தோற்றதாகக் கேள்வி இல்லை.

ஒரே ஒரு பாடத்தை மட்டும் அவள் நடத்துவதில்லை. புத்தகம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரும்போது நாலைந்து பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து ஒன்றாகத் திருப்பிவிடுவாள்.

"அக்கா, இது பரீட்சைக்கு வருமே" என்று ஒரு குழந்தை ஒருநாள் பக்கத்தைத் திரும்பத் திருப்பிக் காட்டியது.

"வரும்" என்றாள் பெய்லா. "அதை வேற யார்கிட்டயாவது கேட்டுக்கோ."